பட்டியலை மூடிவிட்டுச் சரடைப் பிடியுங்கள்: பல துறை நூல்களைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

உ.வே. சாமிநாதையருக்கு அப்போது இருபத்தைந்து வயது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஊருக்குப் புதிதாக முன்சீப்பாக (கீழமை நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். தேதி 21.10.1880. என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் அடுக்க ஆரம்பிக்கிறார். அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று பட்டியல் நீள்கிறது. முதலியார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிறார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? ஐயர் அந்த நூல்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், பாதி புரியவில்லை. தமிழ் தெரியாமல் இல்லை. அது ஜைன நூல், ஜைன சமயம் ஐயருக்குத் தெரியாது. விசாரித்துக்கொண்டு கும்பகோணத்திலேயே இருந்த ஜைனர் வீடுகளுக்குப் போகிறார். போன இடத்தில் அன்றைக்குத்தான் சிந்தாமணியை மாதக்கணக்கில் படித்துக் கேட்டு முடித்த விசேஷம் நடந்துகொண்டிருக்கிறது. தான் தேடிக்கொண்டிருந்த நூல் அடுத்த தெருவில் உயிரோடு இருந்திருக்கிறது. 1887-இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. ஒரு கேள்வி, ஏழு வருடம்.

'கட்டாயம் படிக்க வேண்டிய நூறு நூல்கள்' என்று யாராவது அனுப்பும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் ஞாபகம் வரும். பட்டியல் ஐயரிடமும் இருந்தது. அவரை நகர்த்தியது பட்டியல் இல்லை, பதில் தெரியாத ஒரு கேள்வி. அது அவரைத் தன் துறையிலிருந்து பக்கத்துத் துறைக்கு இழுத்துக்கொண்டு போனது.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், பேராசிரியர் அல்ல. பல வருடம் பட்டியல் பார்த்துத்தான் புத்தகம் வாங்கினேன். ஒரு புத்தகக் கண்காட்சியில் பதினோரு புத்தகம் வாங்கி, அடுத்த கண்காட்சி வருவதற்குள் படித்து முடித்தது இரண்டு. மீதி ஒன்பதும் அலமாரியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தன. அதன் பிறகு முறையை மாற்றினேன். ஒரு புத்தகம் எழுப்பும் கேள்வியைப் பிடித்து அடுத்த புத்தகத்துக்குப் போவது, முடிந்தவரை வேறு துறைக்குப் போவது. அப்படிக் கோத்த ஒரு சரடைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். நீங்கள் கோப்பது வேறாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

முதல் படி: பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள்

அண்டவெளி, மூளை, மனித குல வரலாறு என்று எடுத்த எடுப்பில் பெரிதாகக் கை வைத்தால் ஐம்பதாவது பக்கத்தில் மூச்சு வாங்கும். உங்கள் ஊர், உங்கள் தொழில், உங்கள் வீட்டுச் சாப்பாடு என்று ஏற்கெனவே பாதி தெரிந்த விஷயத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுங்கள். தெரிந்ததில்தான் தெரியாதது சட்டென்று கண்ணில் படும்.

யாராவது என்னிடம் முதல் புத்தகம் கேட்டால் மூன்றில் ஒன்றைச் சொல்வேன். தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்': உப்பு, எண்ணெய், தேங்காய், உரல் உலக்கை என்று சின்னச் சின்னக் கட்டுரைகள், ஒரு பஸ் பயணத்தில் நாலு படித்துவிடலாம். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை': காலையில் எழுந்ததும் நாம் குடிப்பது நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதில் தொடங்குகிறது. இரண்டும் வேண்டாம், விஞ்ஞானம் வேண்டும் என்றால் சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?'. கேள்வி-பதில் வடிவம், எந்தப் பக்கத்தைத் திறந்தும் படிக்கலாம். சில பதில்கள் பழசாகிவிட்டன, அதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

என் சரடு தொடங்கியது ஐயரின் 'என் சரித்திரம்' நூலில்.

இரண்டாம் படி: கடையிலேயே பத்து நிமிடம் சோதித்துப் பாருங்கள்

பின்னட்டையை நம்ப வேண்டாம். அது விற்பனைக்காக எழுதியது. உள்ளே திறந்து முதலில் பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். 'முதல் பதிப்பு' எந்த வருடம்? கையில் இருப்பது பதினாலாவது அச்சாக இருக்கலாம், எழுதியது நாற்பது வருடம் முன்பாக இருக்கலாம். மொழிபெயர்ப்பென்றால் மூலம் எந்த மொழி, எந்த வருடம் என்று போட்டிருக்கிறார்களா? மொழிபெயர்ப்பாளர் பெயரையே அட்டையில் போடாத புத்தகத்தை நான் சந்தேகத்தோடுதான் தொடுவேன்.

அடுத்து பின்பக்கம். அடிக்குறிப்பு, துணைநூல் பட்டியல், சொல்லடைவு இவற்றில் எதாவது உண்டா? தமிழில் வரும் நல்ல நூல்களிலேயே பலவற்றில் சொல்லடைவு இருப்பதில்லை. ஒரு பெயரைத் தேடி முன்னூறு பக்கம் புரட்டும் வாசகன் படும் பாடு பதிப்பகங்களுக்குப் புரிய இன்னும் எத்தனை காலமோ. சரி, அதற்காகப் புத்தகத்தை ஒதுக்க முடியாது. ஆனால் ஒரு வரலாற்று நூலில் ஒரு சான்றுக்குறிப்புகூட இல்லையென்றால் கீழே வைத்துவிடலாம்.

கடைசியாக, நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தை, 90-ஆம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், முணுமுணுத்துப் படித்துப் பாருங்கள். முதல் அத்தியாயத்தை எல்லாரும் பளபளவென்று எழுதிவிடுவார்கள். 90-ஆம் பக்கத்தில்தான் எழுத்தாளரின் சாயம் தெரியும். மொழிபெயர்ப்புக்கு இந்தச் சோதனை ரொம்பவே அவசியம். ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கும்போது வாக்கியத்தின் வாலைத் தேடி இரண்டு முறை திரும்ப வேண்டியிருந்தால், உங்களால் முடியுமானால் ஆங்கில மூலத்துக்கே போங்கள். நான் ஒரு பொருளாதார நூலைத் தமிழில் மூன்று வாரம் மல்லுக்கட்டிவிட்டு, ஆங்கிலத்தில் நாலே நாளில் முடித்தேன். பிழை என் புத்தியில் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் படி: நூலின் பிறப்பைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற வேகத்தில் படியுங்கள்

'என் சரித்திரம்' கையில் எடுத்தால் செங்கல் மாதிரி கனக்கும். 122 அத்தியாயங்கள். பலர் பயந்தே தொடுவதில்லை. ஆனால் அது 1940 ஜனவரியிலிருந்து ஆனந்த விகடனில் வாரத் தொடராக வந்தது. வாரத்துக்கு ஒரு அத்தியாயம் வாசகர்கள் படித்ததை நாம் ஒரே மூச்சில் விழுங்கப் பார்ப்பதால்தான் திணறுகிறோம். தினம் இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டேன், இரண்டு மாதத்தில் முடிந்தது. 1942-இல் ஐயர் காலமானதால் கதை பாதியில் நின்றுவிடும். அவர் வாழ்க்கையின் கடைசி நாற்பது வருடம் அதில் இல்லை. இது தெரியாமல் படித்தால் கடைசிப் பக்கத்தில் ஏமாற்றமாக இருக்கும்.

இதேபோல ஒவ்வொரு வகைக்கும் ஒரு வேகம் உண்டு. நாட்குறிப்பை நாவல் மாதிரி படிக்க முடியாது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியதை வரிசையாகப் படிக்கப் போனால் முதல் தொகுதியிலேயே நின்றுபோகும். ஒரு சம்பவத்தை, ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் படிக்க வேண்டும். பயண நூலை வரைபடத்தோடு படிக்க வேண்டும். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது ரங்கூனிலிருந்து இந்தியாவுக்குத் தப்பி வந்த வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்' நூலைப் படிக்கும்போது போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். மலையும் காடும் கண்ணில் தெரிந்த பிறகு ஒவ்வொரு பக்கத்தின் கனமும் மாறிவிட்டது.

நான்காம் படி: இன்னொரு சாட்சியைக் கூப்பிடுங்கள்

தன்வரலாறு எழுதுபவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்துதான் அவருக்குத் தெரியும். பழைய ஏடுகளைத் தேடி அச்சேற்றிய வேலையை ஐயர் ஒருவரே செய்ததுபோல் நமக்குப் பள்ளிக்கூடத்தில் பதிந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி.வை. தாமோதரம் பிள்ளை ஐயருக்கும் முன்னாலேயே அதில் இறங்கிவிட்டவர். 1881-இல் வீரசோழியம், 1887-இல் கலித்தொகை என்று பதிப்பித்தார். அவருடைய பதிப்புரைகளைப் படித்துப் பாருங்கள். ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது என்று ஒரு இடத்தில் புலம்புவார். ஐயரிடம் நூறு பக்கத்தில் கிடைக்கும் பதைப்பு இவரிடம் பத்து வரியில் கிடைக்கிறது. 'என் சரித்திர'த்தில் தாமோதரம் பிள்ளை வரும் அத்தியாயங்களை இதற்குப் பிறகு திரும்பப் படித்தேன். வேறு புத்தகம் மாதிரி இருந்தது.

ஒரே விஷயத்துக்கு இரண்டு சாட்சி என்பது வரலாற்றுக்கு மட்டுமல்ல. சொல் ஆராய்ச்சிக்கும் பொருந்தும். 'சம்பளம்' என்ற சொல் சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து பிறந்தது, கூலியை நெல்லாகவும் உப்பாகவும் கொடுத்த காலத்தின் மிச்சம் அது என்று தொ.ப. எழுதியதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! பிறகுதான் தெரிந்தது, வடமொழியில் 'சம்பல' என்றொரு சொல் உண்டு, வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் பொருள் என்று அதற்கு அர்த்தம், தமிழ்ச் சொல் அங்கிருந்து வந்தது என்பாரும் இருக்கிறார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். ஆனால் அழகாக இருக்கிறது என்பதற்காகவே ஒரு தகவலை நம்பிவிட்டேன் என்பது அன்றைக்கு உறைத்தது. இப்போதெல்லாம் ஒரு தகவல் ரொம்ப இனித்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுகிறேன்.

ஐந்தாம் படி: துறை தாண்டிக் குதியுங்கள்

ஐயர் 1903-இல் கும்பகோணம் கல்லூரியிலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிறார். 1904-இல் அதே கும்பகோணம் கல்லூரியில் ஒரு பையன் சேர்கிறான். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகாமல் உதவித்தொகையை இழக்கிறான். ராமானுஜன். இரண்டு பேரும் ஒரே வளாகத்தில் நடந்தவர்கள், சில மாத இடைவெளியில் ஒருவரையொருவர் தவறவிட்டவர்கள். இதை உணர்ந்ததும் என் சரடு தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலிருந்து கணிதத்துக்குத் தாவிவிட்டது. ராபர்ட் கனிகல் 1991-இல் எழுதிய 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' நூலை எடுத்தேன்.

கணக்கு நூல் நமக்கு எதற்கு என்று பின்வாங்க வேண்டாம். புரியாத சூத்திரத்தை அப்படியே தாண்டுங்கள். அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் போடுங்கள். ஆனால் புரியக்கூடிய ஒன்றைக் கட்டாயம் கையால் செய்து பாருங்கள். படிப்பதற்கும் செய்வதற்கும் உள்ள தூரம் அப்போதுதான் தெரியும். ராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729 என்று சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். எத்தனை பேர் கூட்டிப் பார்த்திருப்போம்? 12-இன் கனம் 1728, அதோடு 1-இன் கனம். 10-இன் கனம் 1000, 9-இன் கனம் 729. இரண்டும் 1729. இரண்டு கன எண்களின் கூட்டாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச் சிறிய எண் இது.

இன்னொன்று, என் மகளோடு சாப்பாட்டு மேஜையில் செய்தது. நாலு இட்லி. அவற்றை எத்தனை விதமாகப் பிரித்து வைக்கலாம்? நாலும் ஒரே தட்டில். மூன்றும் ஒன்றும். இரண்டும் இரண்டும். இரண்டு, ஒன்று, ஒன்று. தனித்தனியாக நாலு. மொத்தம் ஐந்து விதம். ஐந்து இட்லிக்கு ஏழு. இது சுலபம்தானே என்று நூறு இட்லிக்குப் போனால் விடை 19,05,69,292. பத்தொன்பது கோடிக்கு மேல்! ராமானுஜனும் ஹார்டியும் 1918-இல் வெளியிட்ட சூத்திரம் இந்தப் பிரிவினை எண்களைப் பற்றியதுதான். சூத்திரம் எனக்கு இன்றும் புரியாது. ஆனால் அவர்கள் எதன் மேல் மோதினார்கள் என்பது இட்லி ஆறுவதற்குள் புரிந்துவிட்டது.

ஆறாம் படி: புத்தகத்துக்கும் வயதுண்டு, கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்

1920-இல் ராமானுஜன் இறந்தபோது வயது 32. காசநோய் என்றே வெகுகாலம் எழுதி வந்தார்கள். 1994-இல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது ஈரலைத் தாக்கிய அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்றும், அன்றைக்கே குணப்படுத்தக்கூடியது என்றும் ஒரு கட்டுரை வெளியிட்டார். கனிகல் நூல் வந்தது 1991-இல். மூன்று வருடம் கழித்து வந்த வாதம் அதன் முதல் பதிப்பில் எப்படி இருக்கும்? நூல் மேல் தப்பில்லை. பதிப்பு வருடத்தைப் பார்க்காமல் படிக்கும் நம் மேல்தான்.

விஞ்ஞானம், மருத்துவம், மரபணு, தொல்லியல் இந்த நாலிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். இந்தியர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்று பேசும் டோனி ஜோசப்பின் 'ஆதி இந்தியர்கள்' ஆங்கிலத்தில் வந்தது 2018 டிசம்பரில். அதில் பேசப்படும் விஷயத்துக்கு அடிப்படையான இரண்டு பெரிய மரபணு ஆய்வுக் கட்டுரைகள் இதழ்களில் முறையாக அச்சானது 2019 செப்டம்பரில். கீழடி பற்றிய தமிழக அரசின் அறிக்கை வந்ததும் அதே மாதம்தான். உளவியலாளர் டேனியல் கானமன் 2011-இல் எழுதிய 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' இன்னொரு உதாரணம். கண்ணில் படும் ஒரு சொல்லோ படமோ நம் நடத்தையையே மாற்றிவிடும் என்கிற அத்தியாயத்தில் சொன்ன சோதனைகள் பல, திரும்பச் செய்து பார்த்தபோது நிற்கவில்லை. சின்ன ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று 2017-இல் கானமனே ஒப்புக்கொண்டார். அதனால் அந்த நூலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அந்த அத்தியாயத்தை மட்டும் கிள்ளுக்கீரையாக எடுத்துக்கொள்ளலாம். தன் தவறை ஒப்புக்கொண்ட ஆள் என்று தெரிந்த பிறகு மற்ற அத்தியாயங்கள் மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்தது.

ஏழாம் படி: நோயிலிருந்து மருந்துக்கு, மருந்திலிருந்து விஷத்துக்கு

ராமானுஜனின் நோய் என்னை மருத்துவ வரலாற்றுக்குத் தள்ளியது. சித்தார்த்த முகர்ஜி 2010-இல் எழுதிய 'தி எம்பரர் ஆஃப் ஆல் மாலடீஸ்', புற்றுநோயின் வரலாறு. பெரிய புத்தகம். மருத்துவமனையில் யாராவது படுத்திருக்கும் நேரத்தில் படிக்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட யோசனை. நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

அதில் எல்லப்பிரகட சுப்பாராவைச் சந்தித்தேன். 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்திக் கல்லூரிக்குப் போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த நோயைக் குணப்படுத்துகிற ஃபோலிக் அமிலத்தைத் தயாரிக்கும் முயற்சியில் அமெரிக்காவில் அவரே இறங்குகிறார். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்க்கிறார். நோய் தணிவதற்குப் பதில் வேகமெடுக்கிறது. அப்படியானால் அதற்கு எதிரான ஒன்றைக் கொடுத்தால்? சுப்பாராவின் குழு தயாரித்த அமினாப்டெரின் 1947 முடிவில் பாஸ்டனுக்குப் போகிறது. சில குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்தது. இன்றைய கீமோதெரபியின் தொடக்கங்களில் ஒன்று அது. நான் சென்னை சென்ட்ரல் பக்கம் எத்தனையோ முறை அந்தக் கல்லூரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். இந்தப் பெயர் எனக்குத் தெரியாது.

நோய் தீர்க்கும் ரசாயனம் வந்த அதே காலத்தில்தான் பூச்சி கொல்லும் ரசாயனமும் கொண்டாடப்பட்டது. டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு. 1962-இல் ரேச்சல் கார்சன் 'சைலன்ட் ஸ்பிரிங்' எழுதுகிறார், தமிழில் 'மௌன வசந்தம்'. 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்கிறது. கார்சன் அந்த நூலை எழுதியது மார்பகப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே. 1964-இல் இறந்துவிட்டார். முகர்ஜியைப் படித்த கையோடு கார்சனைப் படித்தால், ரசாயனத்தின் இரண்டு முகமும் ஒரே மாதத்தில் தெரியும். தனித்தனியாகப் படித்தால் ஒன்று துதியாகவும் மற்றது சாபமாகவும் மனதில் நின்றுவிடும்.

கார்சன் எழுதும் பறவைகள் நம் வீட்டு மரத்தில் உட்கார்வதில்லை. அதனால் அடுத்து ம. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்', அப்புறம் தியடோர் பாஸ்கரனின் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்கு'. பாஸ்கரன் பறவைக்கும் விலங்குக்கும் தமிழில் சரியான பெயர் சொல்ல வேண்டும் என்பதில் கறாரானவர். படித்த பிறகு 'ஏதோ ஒரு குருவி' என்று சொல்ல வாய் கூசும்.

எட்டாம் படி: விட்டுவிடப் பழகுங்கள்

ஐம்பது பக்கம் கொடுங்கள். பிடிக்கவில்லையென்றால் மூடிவிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். பாதியில் விட்ட புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் சில புத்தகங்கள் மாறியிருக்கும்.

சுயமுன்னேற்ற நூல்கள் பற்றி: பெரும்பாலானவை ஒரு கட்டுரைக்குப் போதுமான சரக்கை இருநூறு பக்கத்துக்கு இழுப்பவை. முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும் போதும். பண நூல்களில் மார்கன் ஹவுசெல் 2020-இல் எழுதிய 'பணம்சார் உளவியல்' தேவலாம், ஆனால் அதில் உள்ள அமெரிக்க வரியையும் ஓய்வூதிய முறையையும் நம் பி.எஃப்.போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்த வகைக்கு இதற்கு மேல் இடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஒன்பதாம் படி: பைசா செலவில்லாமல் எங்கே தேடலாம்

தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மயிலை சீனி. வேங்கடசாமியை நான் முழுக்க முழுக்க அங்கேதான் படித்தேன். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் பழைய நூல்கள் எழுத்து வடிவிலேயே இருப்பதால் சொல் தேட வசதி. ஈழத்து நூல்கள், பழைய இதழ்கள் என்றால் 'நூலகம்' என்ற இணையதளம். தாமோதரம் பிள்ளை மாதிரி ஆட்களைத் தேடும்போது அங்கேயும் ஒரு எட்டு பார்த்துவிட வேண்டும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு கன்னிமாரா, கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம். மதுரைக்காரர்களுக்கு 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். சின்ன ஊரென்றால் கிளை நூலகம்தான் கதி. ஆனால் அந்த அலமாரிகளின் கீழ்த்தட்டை யாரும் பார்ப்பதில்லை, குனிந்து பாருங்கள். ஏ.கே. செட்டியாரின் பயண நூல் ஒன்று எனக்கு அப்படித்தான் கிடைத்தது. 1940-இலேயே வெளிவந்த காந்தி ஆவணப்படத்தை எடுக்க உலகைச் சுற்றிய மனிதரின் புத்தகம், கடைசியாக எடுத்துப்போன முத்திரை பதினாறு வருடப் பழசு.

பத்தாம் படி: மூன்றே வரிக் குறிப்பு

கலர் கலராக அடிக்கோடு போட்டு நோட்டுப் போட்டு எழுதுவதெல்லாம் பத்து நாள் நடக்கும். நான் செய்வது இது. புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் மூன்று வரி. நூலகப் புத்தகமென்றால் ஒரு துண்டுச் சீட்டில். முதல் வரி, இந்த நூல் என்ன சொல்கிறது, என் வார்த்தையில். இரண்டாவது, நான் நம்பாத ஒரு இடம், பக்க எண்ணோடு. மூன்றாவது, பதில் கிடைக்காத ஒரு கேள்வி. அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது அந்த மூன்றாவது வரிதான். அது காலியாக இருந்தால், புத்தகத்தை நான் சரியாகப் படிக்கவில்லை, இல்லை புத்தகத்தில் ஒன்றுமில்லை.

சமீபத்திய இரண்டு சீட்டுகளைச் சொல்கிறேன். முதலாவது, பி. சாய்நாத் 1996-இல் வெளியிட்ட 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்'. நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் சுற்றி எழுதியது. தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் வருகின்றன. புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட கதை. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு, அதனால் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். அதையே சிலர் விரும்பவும் செய்தார்கள், நடுவில் இருக்கும் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம். பின்னால் தண்ணீர்க் குடங்களைத் தொங்கவிடலாம்.

இரண்டாவது, அம்பேத்கர் 1936-இல் அச்சிட்ட சாதி ஒழிப்பு பற்றிய உரை. லாகூரில் பேச அழைத்தவர்கள் பின்வாங்கியதால் பேசப்படாத உரை. தானே 1,500 படிகள் அச்சிட்டார், இரண்டு மாதத்தில் தீர்ந்தன. பெரியாரின் 'குடி அரசு' வழியாகத் தமிழுக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. ஒரு மாலையில் படித்துவிடலாம். அதில் ஒரு இடம். குஜராத்தில் ஒரு கிராமம், 1935. ஓரளவு வசதியான தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண்கள் மண்குடத்தை விட்டு உலோகக் குடத்தில் தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். அதற்காகத் தாக்கப்பட்டார்கள்.

இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் பார்த்தேன், இரண்டிலும் மூன்றாவது வரியில் குடம் இருக்கிறது. சைக்கிள் வருவதற்கு முன் அந்தப் புதுக்கோட்டைப் பெண்கள் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள்? கிணறு யாருடையது? தண்ணீரைப் பற்றி நக்கீரன் எழுதிய 'நீர் எழுத்து' நேற்று தபாலில் வந்திருக்கிறது. 90-ஆம் பக்கத்தை முணுமுணுத்துப் பார்த்துவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது.